கம்பெனி சாமானும் என் கடை ரப்பரும்

மாப்பிள்ளை,

உங்கள் அறையைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாடை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. நைந்த அட்டைப்பெட்டி, கிரீஸ், காய்ந்த ரப்பர். உங்கள் கருமாதி முடிந்த மறுவாரம் மல்லிகா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கார் சாமான் வைத்திருந்த அந்த அறையை நான்தான் ஒழித்துக் கொடுக்க வேண்டும், அதில் இருப்பது எதுவும் தனக்கு விளங்காது என்றாள். கூடப்பிறந்த தங்கையின் வீட்டுக்குள் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு கால் வைத்தேன். நீங்கள் போன அன்றுகூட, பிறந்த வீட்டுக் கோடிப்புடவையைப் பந்தலில் வைத்துவிட்டு வாசலோடு திரும்பியவன் நான். உள்ளே வராதே என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள், நீங்கள் செத்த பிறகும் அந்தச் சொல்லை மீறவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், வீம்புதான்.

அறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பெட்டி. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு, சீட்டில் உங்கள் மணிமணியான கையெழுத்து. கம்பெனி டீலர் கடையை மூடியபோது மிச்சம் மீதியை எல்லாம் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களே, அதே சரக்குதான். ஒரு பிரேக் ஓஸ் குழாய்ப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். அட்டைகூடக் கசங்கவில்லை, முத்திரை அப்படியே இருக்கிறது. ஓஸை எடுத்து லேசாக வளைத்தேன், தண்ணீர் காணாத வயல் மாதிரி வெடித்துக்கொண்டது. தனியாக நின்று சிரித்தேன். இதைத்தானே ஆயுசு முழுக்கக் கும்பிட்டீர்கள்?

நீங்கள் தஞ்சாவூர் டீலரின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் கீழவாசலில், எந்தக் கம்பெனிக்காரன் செய்தாலும் பொருந்தினால் போதும் என்று சாமான் விற்கிற கடை வைத்திருந்தேன். அப்படிப்பட்ட இரண்டு பேரை மச்சான், மாப்பிள்ளை ஆக்கிய பெரியவர்களைத்தான் முதலில் உதைக்க வேண்டும். தலைதீபாவளிக்கு வந்த உங்களுக்கு இலை போட்டுச் சாம்பார் ஊற்றுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. "கம்பெனி பெட்டியில வந்தா அது சாமான். மத்ததெல்லாம் சாமான் மாதிரி" என்றீர்கள். கம்பெனிக்கு ரப்பர் செய்து கொடுக்கிற அதே ஆலைக்காரன்தான் மிச்சத்தைத் தன் பெட்டியில் போட்டு எனக்கும் அனுப்புகிறான் என்று சொன்னேன். நீங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, மாமனாரைப் பார்த்து, உங்கள் மகன் டூப்ளிகேட் விற்கிறாரா என்று கேட்டீர்கள். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

என் கடையில் எல்லாமே சொக்கத்தங்கம் என்று நான் சொல்லவில்லை. பொறுக்கி வாங்கத் தெரியாதவனுக்கு வெளிச்சாமான் வினைதான், போலியும் அதில் கலந்து வரும். ஆனால் உங்கள் கவுண்டரின் லட்சணம் என்ன? வண்டி நடுரோட்டில் நிற்கும், டிரைவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவருவான். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சேஸிஸ் நம்பர் கேட்பீர்கள். மூன்று வாரம் ஆகும் என்பீர்கள். அவன் என் கடைக்கு வந்து வாங்கி மாட்டி, சாயங்காலத்துக்குள் கூத்தாநல்லூரில் ஆளை இறக்கிவிடுவான். பழுதென்று யாராவது சாமானைத் திருப்பிக் கொண்டுவந்தால் அதற்கும் உங்களிடம் ஒரு சீட்டு உண்டு. "ஏற்கப்படவில்லை. காரணம்" என்று போட்டு, காரணத்தை எழுதிக் கட்டி, வந்தவன் கையிலேயே கொடுத்துவிடுவீர்கள்.

டீலர் கடையை மூடிய பிறகு உங்கள் வெள்ளை அம்பாசடருக்குப் பின்சக்கர பிரேக் ரப்பர் தேவைப்பட்டது. உங்கள் அலமாரியில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. நாலு ஊரில் விசாரித்தீர்கள், கிடைக்கவில்லை. அண்ணன் கடை இருக்கும்போது ஏன் இந்த அலைச்சல் என்று மல்லிகா நச்சரித்து அனுப்பியதால் வந்தீர்கள். வேறு யார் கடைக்கோ வந்தவர் போல நின்று, இரண்டு செட் வாங்கிக்கொண்டு போய், உங்கள் கையாலேயே மாட்டினீர்கள்.

பத்தாவது நாள் மல்லிகாவை ஏற்றிக்கொண்டு நாகூருக்குக் கிளம்பினீர்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது, வரிசையாக வண்டிகள் நின்றன. பிரேக்கை மிதித்தீர்கள், மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. முன்னால் நின்ற பஸ்ஸில் மோதாமல் ஒடித்துத் திருப்பி வாய்க்காலில் இறக்கினீர்கள். அந்த ஒரு காரியத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சிராய்ப்பு, மல்லிகாவுக்கு இடுப்பெலும்பு. அன்றைக்கு அவள் கைக்கு வந்த கம்பை இன்றைக்கும் கீழே வைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், நம் இரண்டு பக்கத்து ஜனமும் கூடி நிற்கையில் சொன்னீர்கள்.

"இவர் கடை ரப்பர்தான் என் பொண்டாட்டி கால எடுத்துச்சு. இனிமே இவர் என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

வண்டியைக் கரையேற்றிய பிறகு அந்த ரப்பரைக் காட்டுங்கள் என்று கேட்டேன். தூக்கி எறிந்தாயிற்று என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் போகாத கல்யாணம் இல்லை, இதைச் சொல்லாத பந்தி இல்லை. அந்தத் தைக்குப் பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு என்று பொங்கல் சீர் அனுப்பினேன். கட்டு பிரிக்காமல் திரும்பி வந்தது. கரும்பில் நூல் கட்டி ஒரு சீட்டு. "ஏற்கப்படவில்லை. காரணம்: அசல் அல்ல." உடன்பிறந்தவன் கொண்டுபோகும் சீரைக் கவுண்டர் சீட்டுப் போட்டுத் திருப்பிய ஆள் இந்தக் காவிரிக்கரையில் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. என் பெண்டாட்டி அந்தக் கரும்பை மாட்டுக்குப் போட்டாள்.

அம்பாசடர்காரர்கள் என் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அதுகூடப் பரவாயில்லை. மல்லிகாவே அதை நம்பினாள். கோயிலில் எதிரே பார்த்தால் கம்பை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். ராத்திரி படுத்தால், நிஜமாகவே அந்தச் சரக்கு மோசமோ என்று எனக்கே சந்தேகம் வரும். அவளை நடக்க விடாமல் செய்தவன் நான்தானா என்பது தெரியாமலே கிழவனாகிவிட்டேன்.

அறையைப் பாதி ஒழித்திருப்பேன். கடைசி அலமாரியின் அடித்தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே மூன்று பொட்டலம், மூன்றிலும் சீட்டு. முதல் பொட்டலத்தில் ஊறிப்போன உளுந்து போல உப்பின பிரேக் ரப்பர்கள். "வண்டியில் கழற்றியது." இரண்டாவதில் என் கடை ரப்பர் ஒன்று, வாங்கிய அன்று இருந்த மாதிரியே. "மிச்சச் செட். பிரேக் ஆயிலில் ஒரு வாரம். மாற்றம் இல்லை." மூன்றாவதும் அதே செட், ஆனால் முதல் பொட்டலத்தில் இருந்தது போலவே உப்பியிருந்தது. "மண்ணெண்ணெயில் ஒரு வாரம்." அதற்குக் கீழே, அடிக்கோடிட்டு: "காரணம்: மாட்டும்போது மண்ணெண்ணெயில் கழுவியது. சாமானில் குறை இல்லை."

பிரேக் ரப்பரில் மண்ணெண்ணெய் படக்கூடாது, பட்டால் உப்பிப்போய் பிரேக் ஆயிலைக் கசிய விட்டுவிடும் என்பது ஒர்க்‌ஷாப்பில் கைவைத்த எவனுக்கும் தெரியும். கவுண்டரில் உட்கார்ந்தே காலம் தள்ளிய உங்களுக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும், தெரியாமல் செய்தது. ஆனால் பிறகு தெரிந்துகொண்டீர்களே. சோதித்து, எழுதி, நூல் கட்டி, டின்னில் போட்டு மூடிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் என் பெயரைச் சொன்னீர்களே. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அந்த டின்னாலேயே அடித்திருப்பேன்.

நேராகக் கூடத்துக்குப் போனேன். மல்லிகா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் சீட்டைப் போட்டு, படி என்றேன். இத்தனை வருஷம் உன் புருஷன் என்னை என்ன பாடு படுத்தினார் என்று படித்துப் பார் என்றேன். அவள் இரண்டு தரம் படித்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"மண்ணெண்ணெய் குடுத்தது நான்தாண்ணே."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கழட்டின பிரேக் சாமான துணியால தொடச்சு மாட்டப் போனாரு. நான்தான், ஒரே அழுக்கா இருக்கே, ரேஷன் எண்ணெய் கெடக்கு, கழுவி மாட்டுங்கன்னு கிண்ணத்துல ஊத்தி வச்சேன். புது ரப்பரையும் நானே அதுல போட்டேன்."

சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். "அதான் எங்கிட்ட காட்டல" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். நீங்கள் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

பதினெட்டு வருஷம் நீங்கள் அவளிடமிருந்து மறைத்ததை ஒரே நிமிஷத்தில் அவள் மடியில் போட்டுவிட்டேன். அதற்காக உங்களை மகான் என்று சொல்லப் போவதில்லை. அவளைக் காப்பாற்ற உங்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, எப்படியும் பிடிக்காத மச்சான் கையருகே இருந்தான். அந்த ரப்பரைச் செய்த, யாருக்கும் தெரியாத கம்பெனி மேல் பழியைப் போட்டிருக்கலாம். என்னிடம் மட்டுமாவது வந்து சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், ஆனால் அவளுக்காக நானும் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். அந்த அளவுக்குக்கூட என்னை நீங்கள் மனுஷனாக மதிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் மண்ணெண்ணெய் ஆகாது என்று சொல்வது என் வழக்கம். நீங்கள் வந்த அன்று சொல்லவில்லை. கடைசியில் டூப்ளிகேட் கடைக்கு வந்துவிட்டீர்களே என்று உங்களைச் சீண்டுவதிலேயே குறியாக இருந்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் திருவாரூரில் ஒரு காதுகுத்து. மல்லிகாவும் வந்திருந்தாள். இனிமேல் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடு அண்ணே என்று சொல்லித்தான் அழைத்துவந்தாள், தானே சொல்வதாகவும் சொன்னாள். பந்தியில் உங்கள் சித்தப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். ரப்பர் கடைக்காரரே, உங்களை வீட்டுக்குள் சேர்த்துவிட்டார்களாமே என்றார். மல்லிகா எதிர்வரிசையில் இருந்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

"அந்தச் சரக்கு சரியில்லைங்க" என்றேன். "தப்பு என்னோடதுதான்."

பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொல்லாத வார்த்தை. சித்தப்பா வெற்றி பெற்றவர் மாதிரி சிரித்தார். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள், பிறகு சாப்பிட்டாள். என் வாயாலேயே என் கடையைக் கெடுக்க வைத்துவிட்டீர்கள், மாப்பிள்ளை. உங்கள் மேல் உள்ள கோபம் இம்மியும் குறையவில்லை. இனி யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.