மாடலில் இல்லாத கேள்வி

இன்று காலை செங்கோட்டைக் கடையிலிருந்து திரும்பி வந்த இன்சுலின் பெட்டியைத் திறந்தபோது, நனைந்து காய்ந்த அட்டையின் வாடை அடித்தது. உடனே போன் போட்டுக் கேட்டேன். வரும் வழியில் அட்டை மட்டும் நனைந்ததாம், மருந்து பிரிட்ஜில்தான் இருந்ததாம். அப்படியும் மனசு கேட்காமல் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீ வேலையை விட்டுப் போன பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை.

தென்காசியில் நம் மருந்து மொத்தக் கடைக்குப் புது சாப்ட்வேர் வந்தது நினைவிருக்கிறதா? ஆர்டர் வருவது முதல் சரக்கு திரும்புவது வரை எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று முன்பே வரைந்து வைத்த படம் அதில் இருந்தது. ரெஃபரன்ஸ் மாடல் என்றார் அதை நிறுவ சென்னையிலிருந்து வந்த தம்பி. நாம்தான் அதற்குள் அடங்க வேண்டுமாம். சரக்கு திரும்பினால் காலாவதித் தேதி பார், சேதம் பார், இருப்பில் ஏற்று. அவ்வளவுதான். நானும் சரியென்றே நினைத்தேன்.

அந்தச் சமயம்தான், கரண்டு போயிருந்த குற்றாலத்துக் கடையிலிருந்து இன்சுலின் திரும்பி வந்தது. தேதி சரி, சேதமில்லை. நான் இருப்பில் ஏற்றப் போனேன். நீ தடுத்து, போனை எடுத்தாய்.

"கரண்டு போனப்போ மருந்த எங்கன வச்சிருந்திய அண்ணாச்சி?"

ஸ்பீக்கரில் அவர் பெருமையாகச் சொன்னார்: "பயப்படாதம்மா. பையில கட்டி, அருவித் தண்ணி ஓடுத ஓடையில போட்டு வச்சேன். ஐஸு மாதிரில்லா கிடந்துச்சு! அட்ட நனைஞ்சிட்டுதேன்னு மருந்தோட வெயில்ல காயவச்சுத்தான் அனுப்புனேன்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. அன்றே படத்தில் ஒரு படியைச் சேர்த்தாய்: குளிரில் வைக்கும் மருந்து திரும்பினால், கடைக்காரரிடம் பேசாமல் இருப்பில் ஏறாது. மாடலை உடைக்காதீர்கள் மேடம் என்று அந்தத் தம்பி கெஞ்சினார். "ஒங்க படத்துல கரண்டு போகாது தம்பி. எங்க ஊர்ல போகும்" என்றாய்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது ஏன் இத்தனை பிடிவாதம் என்று உன்னைக் கிண்டல் செய்தேன். "கெட்டுப்போன இன்சுலின் பாக்க நல்லாத்தான் இருக்கும் ஏட்டி. ஊசி போட்டாச்சுன்னு நம்பிப் படுத்துக் கிடப்பாங்க" என்றாய்.

இப்போது சாப்ட்வேரின் புதுப் பதிப்பு வருகிறது. மாடலில் இல்லாத படிகள் நீங்கிவிடும். திரையில் உன் படி மட்டும் சிவப்பாக நிற்கிறது. அதை எடுத்துவிட இன்று நான் சம்மதம் தர வேண்டும். யாரோ ஒருவர் நம் மருந்தை நம்பி ஊசி போட்டுக்கொண்டு மயங்கிக் கிடப்பது கண்முன் வந்துகொண்டே இருந்தது. வேலை போய்விடுமோ என்றும் பயம். முதலாளி அறைக்குப் போய், முடியாது என்றேன்.

"ஊரு பூரா இந்த மாடலத்தான வச்சிருக்கான். ஒரு போனுக்காகத் தனியாச் செலவு பண்ணச் சொல்லுதியா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

அவர் கணக்கு நோட்டை மூடினார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா பொறுப்பு ஒம்பேர்லதான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னியத்தான் கேப்பேன்."

திரையில் அந்தப் படிக்கு நேரே உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். மதியம் வாசுதேவநல்லூரிலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. அந்தக் கடைக்குப் போன் போட்டேன்; மணி அடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் எடுக்கவில்லை. உன்னைத் தைரியசாலி என்றே நான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். ஆனால் போன் பேசும்போதெல்லாம் நீ இடது கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்வாய். ஏன் என்று கேட்டதில்லை. இன்று என் கையும் நடுங்கியது. யாரும் பார்க்குமுன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.