ஆளுக்கு ஒரு கரை

ஜூன் 3, செவ்வாய்

தீவுக்குப் போக இன்னும் அனுமதி வரவில்லை. ஆலயத்துக்குப் பின்னால் எங்களுக்கு விட்டிருக்கும் இரண்டு அறைகளில் ஒன்று முழுக்கப் பெட்டிகள். அறுவைக் கருவிகள், தையல் நூல், கையுறைகள், மடக்கி வைத்த மேசை. பெட்டிமேல் பெட்டி ஏறி ஜன்னலே மறைந்துவிட்டது. எங்கள் ஒரே மகள், சின்னவள், ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துதான் பாடம் எழுதுகிறாள். அவள் அம்மா ஒவ்வொன்றையும் திறப்பதும் பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள்.

மருத்துவம் படிக்கும்போது ஒரு ஜெபக் கூட்டத்தில் அந்தத் தீவைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவிக்கு வேறு ஊரே கிடையாது. அங்கே மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. பிரசவம் சிக்கலானால் படகில் ஏற்றுகிறார்கள். கரை சேராமலே போனவர்கள் எத்தனையோ பேர். கல்யாணப் பேச்சு எடுத்த அன்று அவள் என்னிடம் கேட்டதே ஒன்றுதான். “தீவுக்கு வருவீங்களா?” வருகிறேன் என்றேன். நான் அப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தீவைப் பார்க்கவில்லை.

கணக்கு வாத்தியார் வேலையை விட்டாயிற்று. அங்கே ஆஸ்பத்திரி நிர்வாகத்தை நான் பார்ப்பதாக ஏற்பாடு.

போதகருக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது. கையைக் காலை ஆட்டி, வெள்ளிக்கிழமை சிறைச்சாலை ஊழியத்தை நீ பார் என்றார். பேச முடியாத மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது.

ஜூன் 6, வெள்ளி

வாசலில் போனையும் பெல்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பினாயில் வாடை அடிக்கும் கூடம், சிமெண்ட் பெஞ்சு. “சீக்கிரம் முடிங்க சார், ஆள் எண்ணணும்” என்றார் வார்டன். தயார் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். வகுப்பெடுக்கிற குரல் தானாக வந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர், “சார் வக்கீலா?” என்று கேட்டு, இல்லை என்றதும் எழுந்து போனார்.

மூலையில் ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். “அவனா? மௌனி. தையல்காரன். அண்ணனை வெட்டின கேஸு. வந்த நாள்ல இருந்து வாயைத் திறக்கலை” என்றார் வார்டன்.

ஜூன் 7, சனி

அவன் விரல்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கையில் ஊசி இல்லை, துணி இல்லை. விரல்கள் மட்டும் தைத்துக்கொண்டே இருந்தன.

ஜூன் 13, வெள்ளி

இன்று பிரசங்கம் செய்யவில்லை. கொஞ்சம் ஜெபித்துவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் ஒன்றும் பேசவில்லை. வார்டன் சாவியைக் குலுக்கும் நேரத்தில் அவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

“சார், ஜெபத்துல பொய் சொன்னா தெரிஞ்சிடுமா?”

“தெரிஞ்சிடும்.”

“கோர்ட்டுல?”

வெட்டு நடந்த இடத்திலேயே தான் இல்லை என்று சொல்லும்படி வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். அவன் அங்கே இருந்திருக்கிறான். அவன்தான் வெட்டியிருக்கிறான். உண்மையைச் சொல் என்று சொல்ல எனக்கென்ன, உள்ளே கிடக்கப்போவது அவனல்லவா? “அடுத்த வாரமும் வருவேன்” என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

காலை ஆராதனையில், எல்லாரும் எழுந்து பாடிக்கொண்டிருக்கும்போது — காதில் குரல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே தெளிவாக, பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகச் சொல்வதுபோல: இங்கேயே இரு.

நான் கேட்காத ஒன்று. கேட்க விரும்பாத ஒன்று.

விரும்பாததா? யோசித்துப் பார். சின்னப் படகில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும் ஆள் நீ. தீவுக்குப் போனால் ஆயுசுக்கும் ‘டாக்டரம்மா வீட்டுக்காரர்’. இங்கே வெள்ளிக்கிழமை ஒருத்தன் உனக்காகக் காத்திருக்கிறான். அந்த ருசியை ஆண்டவர் சொன்னதாக்கிக்கொள்கிறாயா?

தெரியவில்லை. இந்த இரண்டையும் எதை வைத்துப் பிரிப்பது?

ஜூன் 18, புதன்

அவளிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் தண்ணீர் கேட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஜூலை இருபத்தொன்று மௌனிக்கு விசாரணை. “அன்னைக்கு வருவீங்களா சார்? ஒருத்தர் முகத்தையாவது பார்த்துக்கிட்டு நின்னா சொல்லிடுவேன். யாருமே இல்லாத இடத்துல உண்மை வராது சார்.” வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சின்னவள் குதிக்கிறாள். அனுமதி வந்துவிட்டது. ஜூலை பதினேழு படகு. என் மனைவி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமானதிலிருந்து அவள் சந்தோஷத்தில் அழுது நான் பார்த்ததில்லை. நானும் கூடச் சேர்ந்து முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். வாய் மட்டும் சொன்னது.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

“எனக்குச் சமாதானம் இல்லை.”

“எதுல?”

“தீவுக்கு வர்றதுல. இங்கேயே இருன்னு உள்ளுக்குள்ள...”

கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். “உங்களுக்கு மட்டும் தனியா பேசினாரா? அப்ப நான் இத்தனை வருஷமா கேட்டதெல்லாம் என்ன?”

“நீ கேட்டது பொய்னு நான் சொல்லலை.”

“வேற என்ன சொல்றீங்க? ஒரு கைதி ரெண்டு வார்த்தை பேசினான், உடனே தரிசனம் வந்துடுச்சா? பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. மருந்து தர்றேன். ஆண்டவர் பேரை இழுக்காதீங்க.”

குரலைக்கூட உயர்த்தவில்லை. அறுவை மேசைப் பக்கத்தில் நின்று நர்ஸிடம் பேசுவதுபோலப் பேசினாள். கத்தியிருந்தால் தேவலை.

அவ சொன்னதுல என்ன தப்பு? பயம் இல்லைன்னு நெஞ்சுல கை வெச்சு என்னால சொல்ல முடியலையே. முடியலை.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் ‘சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு’, ‘சாவி ஆணியில இருக்கு’ என்ற அளவில்தான் பேச்சு. நடுவில் தபால்காரர் வேலை சின்னவளுக்கு. அவள் என்னிடம் வந்து, “அப்பா, உங்களுக்கு ஒண்ணு அம்மாவுக்கு ஒண்ணுன்னு இயேசப்பா மாத்தி மாத்தி சொல்வாரா?” என்றாள்.

“மாட்டார்.”

“அப்ப உங்கள்ல யாரு சரியா காது கொடுக்கலை?”

பன்னிரண்டு வயசு. நேராக நடு நெற்றியில் வைக்கிறாள்.

ஜூன் 28, சனி

மிஷன் செயலாளர் வந்தார். யார் சொன்னார்களோ. டீயைக் கையில் எடுக்குமுன்பே ஆரம்பித்துவிட்டார். “பிரதர், புறப்படுற நேரத்துலதான் பிசாசு வேலை செய்வான். ஒரு குடும்பத்துக்கு ஒரு தரிசனம்தான் இருக்க முடியும். நீங்க வரலைன்னா டாக்டரம்மாவையும் அனுப்ப மாட்டாங்க, அது தெரியுமில்ல? அந்தத் தீவுல ஒரு தாய் செத்தா அது யார் கணக்குல போகும்?”

அப்புறம் நான் அங்கே இல்லாததுபோல அவளைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க கவலைப்படாதீங்க டாக்டரம்மா. பிரதர் வழிக்கு வந்துடுவார்.”

அவள் தலையாட்டவில்லை. அதைக் கவனித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் ஒருவன் பிடிவாதத்தால் ஆஸ்பத்திரி பூட்டியே கிடக்கக் கூடாது. அவள், “நல்லா யோசிச்சீங்களா?” என்றாள். யோசித்தேன் என்றேன். ஜெபிச்சீங்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மௌனியிடம் சொன்னேன். பதினேழாம் தேதி படகு, இருபத்தொன்றுக்கு நான் இருக்க மாட்டேன், போதகரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் வருவார் என்று என்னென்னவோ.

“சரி சார்” என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசிவரை திரும்பவே இல்லை. விரல்கள் தைக்கவுமில்லை, மடியில் சும்மா கிடந்தன.

பெல்ட்டைத் திருப்பித் தரும்போது வார்டன், “பரவாயில்லை சார், வர்றவங்க எல்லாரும் இப்படித்தான்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

ஜூலை 5, சனி

பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். இழுக்காமல் அப்படியே நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லுங்க. நீங்க தீவுக்கு வர்றது எனக்காகவா, ஆண்டவருக்காகவா?”

“உனக்காக” என்றேன்.

“அப்படின்னா வராதீங்க.”

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கோபமில்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். “நீங்க எனக்காக வந்தா, அங்க உங்க முகம் வாடுற ஒவ்வொரு நாளும் நான் உங்களுக்குப் பதில் சொல்லணும். அப்படி ஒரு பாரத்தோட என்னால கத்தியைப் பிடிக்க முடியாது.”

“நீ?”

“நான் போவேன். எனக்குச் சொன்னது மாறலை.” பெட்டியின் மூடியைத் தடவியபடி, “என் திட்டத்துல நீங்க இருந்தீங்க. ஆண்டவர் திட்டத்துல இருக்கீங்களான்னு நான் ஒரு நாள்கூட கேட்டதில்லை. அந்த செயலாளர் பேசினப்பதான் உறைச்சது. அவர் பேசினது அப்படியே என் பேச்சு” என்றாள்.

இரண்டு பேரும் அதே இடத்தில் முழங்காலில் நின்றோம். எழுந்தபோது என் சட்டையின் தோள்பட்டை நனைந்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பாமல், “இந்தக் கயிறு போதாது, இன்னும் வாங்கணும்” என்றாள்.

ஜூலை 10, வியாழன்

மிஷன் கமிட்டி. நீள மேசை, ஓடாத ஏசி. கணவரில்லாமல் ஒரு பெண்ணை அனுப்பும் வழக்கமில்லை என்றார் தலைவர். வெளியில் தப்பாகப் பேசுவார்கள் என்றார் செயலாளர். குடும்பம் உடைந்துவிட்டதாக நினைப்பார்கள், மிஷனின் சாட்சி கெடும் என்றார் இன்னொருவர்.

என் மனைவி எழுந்தாள். “ஐயா, ஆண்டவர் என்னைக் கூப்பிட்டப்ப எனக்குக் கல்யாணமே ஆகலை. அப்ப யாரைக் கேட்டுக் கூப்பிட்டார்? இப்ப இவரை இங்க இருன்னு சொல்றார்னா, நான் யாரு வேண்டாம்னு சொல்ல? எங்க குடும்பம் உடையலை. ரெண்டு இடத்துல இருக்கப் போகுது, அவ்வளவுதான்.”

தலைவர் என்னைப் பார்த்தார். “நீங்கள் கேட்டது ஆண்டவருடைய வார்த்தைதான் என்று நிச்சயமாகச் சொல்வீர்களா?”

“நிச்சயமா சொல்ல முடியலை ஐயா. ஆனா கேட்காத மாதிரி இருந்து பார்த்துட்டேன். அது முடியலை.”

முதலில் கை தூக்கியது நம் போதகர். பேச முடியாதவர் என்பதால் விளக்கம் ஒன்றும் சொல்லாமல் தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தார். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். செயலாளர் கடைசிவரை தூக்கவில்லை. ஆறு மாதம் பார்க்கலாம் என்று தீர்மானம்.

ஜூலை 17, வியாழன்

படகு போயிற்று. தீவில் பள்ளிக்கூடம் இல்லை, பாடம் சொல்லித்தர நானும் அங்கே இல்லை என்பதால் சின்னவள் என்னோடு. அம்மாவைக் கட்டிப் பிடித்தபோதுகூட அழாதவள், பெட்டியெல்லாம் போய் ஜன்னல் தெரிகிற அறையைப் பார்த்ததும் அழுதாள்.

ஜூலை 18, வெள்ளி

சரியாகத்தான் கேட்டேனா ஆண்டவரே. சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க.

ஒன்றும் சொல்லவில்லை.

சிறைக்குப் போனேன். மௌனி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

ஜூலை 21, திங்கள்

கோர்ட்டில் மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி அவனைக் கேட்டார்: சம்பவ இடத்தில் நீ இருந்தாயா? அவன் கூட்டத்தில் தேடினான். அவன் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. நான் தலையசைக்கவில்லை, அசைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அது அவன் சொல்ல வேண்டியது.

“இருந்தேன். நான்தான் வெட்டினேன். அண்ணன் தூங்கிட்டிருந்தாரு.”

பின்வரிசையில் ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள். செத்தவரின் மனைவி. இத்தனை வாரம் அவனுக்காக ஜெபித்த நான் அந்த அம்மாளுக்காக ஒரு நாளும் ஜெபித்ததில்லை. இன்று ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தீவில் இருக்கிறேன். வழி நெடுக வாந்தி. கடலுக்குப் பயந்துதான் அங்கே தங்கினேன் என்றால், எனக்குத் தண்டனை நன்றாகவே கிடைக்கிறது. இனி மாதாமாதம் கடல்.

ஆஸ்பத்திரி நடையில் ஜனம் உட்கார இடமில்லாமல் நிற்கிறது. என் மனைவி மகளைக் கட்டிக்கொண்டாள், என்னைப் பார்த்து, “கையைக் கழுவிட்டு வாங்க, விளக்குப் பிடிக்க ஆள் இல்லை” என்றாள். பிடித்தேன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. போன வாரம் ஒரு தாய் பிழைக்கவில்லையாம். அதைச் சாயந்தரம் கடற்கரையில்தான் சொன்னாள். என் தோளில் சாய்ந்து, “தனியா இருந்தப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு” என்றாள். நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

தையல்காரனுக்கு ஆயுள் தண்டனை. பெரிய சிறைக்கு மாற்றிவிட்டார்கள். அவனுக்காகத்தான் என்னை நிறுத்தினார் என்றால் நான் பெட்டி கட்டலாம். இந்த வாரம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போ என்று சொல்லவில்லை.

இன்று கூடத்தில் புதிதாக ஒருவர். லாரி டிரைவர், பெரிய உடம்பு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாருக்குக் குடும்பம்?”

“பொண்ணு என்கூட. வீட்டுக்காரம்மா தீவுல டாக்டர்.”

“சண்டையா?”

“இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே முதலாளி. ஆளுக்கு ஒரு இடத்துல போட்டிருக்கார்.”

“நம்ம கம்பெனி மாதிரிதான் போல” என்றார். அப்புறம், “ஆளு எப்படி, நல்லவரா?” என்றார்.

வாத்தியாராக இருந்திருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். இப்போது தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

“நம்மளைக் கேட்டுப் போட மாட்டார். காரணமும் சொல்ல மாட்டார். ஆனா போட்ட இடத்துல முன்னாடியே வந்து நிக்கிறார்.”

அவர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் எனக்கு இடம் இருந்தது.