உங்களுக்கு எழுத முடியாத அட்டை

அண்ணா,

இன்று காலை பனியன் கம்பெனியில் என் செக்கிங் மேசைக்கு டேக் அட்டைக் கட்டு வந்தது. பிரித்ததும் எழுந்த மை வாசனையில் உங்கள் பிரிண்டிங் பட்டறை வாசலுக்கே போய்விட்டேன். பனியனில் தொங்கவிடும் டேக் அட்டையில் மீந்ததை வெட்டித்தானே நம் இருவருக்கும் தொடர்பு அட்டை அச்சடித்தீர்கள்? ஹாம் ரேடியோவில் யாரோடு பேசினாலும், பேசியது உண்மைதான் என்று அவர்களுக்கு அனுப்பி வைக்கும் அட்டை. மூலையில் நூல் கோக்கும் ஓட்டை அப்படியே இருக்கும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அது எதற்கு என்று கேட்டபோது, "டேக் இல்லாம திருப்பூர்ல இருந்து எதுவும் வெளிய போகாதுன்னு சொல்லிருங்க அம்மிணி" என்றீர்கள்.

பேச்சில்தான் இந்த விளையாட்டெல்லாம். அட்டை எழுதுவதில் நீங்கள் படு கறார். ஆன்டெனா இல்லாமல் செல்போனில் இணையம் வழியாக ரேடியோவில் பேசியிருந்தால் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். சிக்னல் மதிப்பெண் கட்டத்தில் கோடு போட்டுவிட வேண்டும். நெட்டு சுமந்து வந்த குரலுக்கு ஆன்டெனாவைப் புகழக் கூடாது என்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "நாம சொன்னது கேட்டுச்சுன்னு அவிங்க வாயால சொல்லோணுங்க. இல்லீன்னா அட்டை இல்லீங்க."

அந்த விதியை இப்போது வெறுக்கிறேன்.

கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அப்படித்தான் செல்போன் வழியாக ரேடியோவுக்கு வந்தீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே, ரேடியோவில் உங்களுக்குப் பெயரான அழைப்புக்குறியைச் சொல்லி, "கேக்குதுங்களா அம்மிணி?" என்றீர்கள். நன்றாகக் கேட்கிறது என்றேன். இணையத்தில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும், அவசரப்படக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தபடி பொறுத்திருந்தேன். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். இணைப்பு அறுந்ததா, என் குரல் வந்து சேரும் முன்பே நீங்கள் போய்விட்டீர்களா, தெரியவில்லை. அன்று சாயங்காலம் அண்ணி போனில் அழுதார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உன்ர கொரலு அவிங்களுக்குக் கேட்டுச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"கேட்டுச்சுங்க அண்ணி" என்றேன். வேறு என்ன சொல்வேன்? முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இன்று வந்த கட்டிலிருந்து ஒன்றை உருவி, உங்கள் பெயருக்கு எழுத உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். இணையம் வழி என்று எழுதினேன். சிக்னலுக்குக் கோடு போட்டேன். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை. அண்ணியிடம் சொல்லிவிட்ட பொய்யை உங்களுக்கு எழுத என்னால் ஆகவில்லை.

இப்போதும் செல்போனைத் திறந்து உங்களைக் கூப்பிடுகிறேன். நீங்கள் சொன்ன நேரம் வரை பொறுக்கிறேன், அதற்கு மேலும் பொறுக்கிறேன். தாங்க முடியவில்லை அண்ணா. ஒரே ஒரு வார்த்தை போதும்.

கேட்டுச்சுங்களா?