வெள்ளைக் கோழிக்குச் செம்மண்

1936 ஜூலை 4

எந்தக் கோழி வாங்குவது என்று நாலு நாளாக மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியலாம்.

1. எதற்காக
2. எத்தனை முட்டை
3. அடைக்கு உட்காருமா
4. நிறம்
5. மலைக்குளிர்

முதலாவது. மனைவி ருக்குமணிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரிவதில்லை. போன மாதம் தண்ணீர்ச் செம்பு என்று நினைத்துக் கொதிக்கும் உலையில் கை வைத்துவிட்டாள். சேலத்து டாக்டர் கொடுத்த மீனெண்ணெய் அவள் வயிற்றில் தங்கவில்லை. “அப்படியானால் கீரையும் தினம் ஒரு முட்டையும். அசட்டையாக இருந்தால் பகலிலும் பார்வை போகும்” என்றார்.

இரண்டாவது. பக்கத்துக் காட்டுப் பழனாயியின் நாட்டுக்கோழி பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது; பிறகு மூன்று மாதம் முட்டைப் பேச்சே இல்லை. விவசாய இலாகாவின் கோழிப் புத்தகம் சீமைக்கோழிகளில் ரோட் ஐலண்டு இனம் வருஷத்துக்கு நூற்றிருபது இடும் என்கிறது. லெகார்ன் நூற்றைம்பதுக்கும் மேல்.

மூன்றாவது. லெகார்ன் அடைக்கு உட்காருவது அபூர்வம். நமக்கு வேண்டியது குஞ்சு அல்ல.

நான்காவது. ரோட் ஐலண்டு சிவப்பு, லெகார்ன் வெள்ளை. இது பொருட்டல்ல. முட்டை தின்பவருக்குக் கோழியின் நிறம் எதற்கு?

ஐந்தாவது தெரியவில்லை. கூண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டலாம்.

ஆகவே லெகார்ன். முப்பது வருஷம் சர்வே ஆபீசில் மற்றவர்கள் அளந்ததைச் சரிபார்த்தே காலம் கழித்தவன். நானாக ஒன்றை முடிவுசெய்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 6

பழனாயியிடம் சொன்னேன். சாமைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து நின்று சிரித்தாள்.

“வெள்ளைக் கோழியா? ஏனுங்க சாமி, எங்க ஊட்டுல வெள்ளைக் குஞ்சு ஒண்ணுகூட ஒரு மாசம் தாண்டினதில்லீங்க. பருந்து எடுத்துக்கும்.”

கூண்டுக்குப் பக்கத்திலேயே மேயவிடுவேன் என்றேன்.

“அதைப் பருந்துகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

ஜூலை 19

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சுமைக்காரன் அப்பாசாமி தலைக்கூடையில் மூன்று லெகார்ன் வெடைக்கோழிகளைச் சுமந்து வந்தான். முட்டைப் பருவம்தான், கொண்டை சிவந்திருக்கிறது. “மலை ஏறி முடிக்கறவரைக்கும் தலைமேல ஒரே சண்டைங்க. மூணும் ஒரே ஊட்டு மருமக போலிருக்குது” என்று சொல்லிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

ருக்குமணி ஒவ்வொன்றையும் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

ஜூலை 27

முட்டை இல்லை. இன்று ஆறு முறை கூண்டைப் பார்த்தேன். நேற்று எட்டு முறை. தீனி, தண்ணீர், வைக்கோல் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான். தவறு எங்கே?

பழனாயி வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். “இப்படி நிமிசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்தா அது எப்படிங்க முட்டையிடும்? நீங்க ஓடைப்பக்கம் ஒதுங்கறப்ப நான் வந்து எட்டிப் பாக்கறனா?”

உள்ளே ருக்குமணி சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 29

பார்க்கவில்லை. முதல் முட்டை.

ஆகஸ்டு 14

மூன்றும் இடுகின்றன. ருக்குமணி தினம் ஒன்று, சில நாள் இரண்டு சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரையும் உண்டு.

இன்று பொழுது இறங்கிய பிறகு வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள், “அதோ, பலாமரத்தடியில ஒண்ணு நிக்குதுங்க” என்றாள். நின்றது! பதினைந்து அடி தூரம் இருக்கும். அவளுக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆகஸ்டு 20

பருந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டது.

ஆகஸ்டு 22

இரண்டாவதும் போயிற்று. அஞ்சு அடி தூரத்துல நான் நிக்கறேன். கையில குடை இருக்கு. வாயில சத்தம் வரல. விரட்டுறதுக்கு ஒரு சத்தம் — அதுகூட வரலியே. என்ன மனுஷன் நான்? வெள்ளையா இருக்கறதாலதான்னு பழனாயி முன்னாடியே சொன்னாளே. புத்தகத்தை நம்பினவனுக்குப் பக்கத்துக் காட்டுக்காரி பேச்சு காதுல ஏறல.

ஆகஸ்டு 23

பழனாயி வந்தாள். “நான் சொன்னனே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கூடைச் செம்மண்ணை இறக்கி, “குழைச்சுப் பூசிப்போடுங்க. மேல இருந்து பாத்தா மண்ணோட மண்ணாத் தெரியும்” என்றாள்.

நான் பிடித்துக்கொண்டேன், அவள் பூசினாள். கோழி அவமானப்பட்டதுபோல் மூலையில் போய் நின்றது. ருக்குமணி, “செவப்பு வேணாம்னு வெள்ளை வாங்கினீங்க. இப்ப நீங்களே ஒரு செவப்பு பண்ணிட்டீங்க” என்றாள்.

ஆகஸ்டு 24

மாலை. கோழி ருக்குமணியின் காலடியிலேயே மேய்ந்துகொண்டிருந்தது.

“கோழி எங்கேங்க? அடைச்சுட்டீங்களா?” என்று கேட்டாள்.

அப்படியானால் பத்து நாளாக அவள் கண்டது வெள்ளையை மட்டும்தான். கண் தேறவில்லை. எதையும் இருமுறை சரிபார்க்கிறவன் இதை மட்டும் ஏன் சரிபார்க்கவில்லை? சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டு 25

காலையில் கோழியைக் கழுவிவிட நினைத்து வெந்நீர் எடுத்துப் போனேன். வெள்ளையாக இருந்தால் மாலையில் ஒன்றாவது அவள் கண்ணுக்குத் தெரியும். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை மறுபடி பார்க்கலாம்.

எப்படித்தான் தெரிந்துகொண்டாளோ, பின்னாலேயே வந்துவிட்டாள். “கழுவாதீங்க. அது இருந்தாத்தான் முட்டை. நான் பாக்கறதுக்கா வாங்கினீங்க?”

வெந்நீரில் நான் குளித்தேன்.

செப்டம்பர் 3

மழை. மண் கரைந்துவிட்டது. மறுபடி பூசினேன்.

செப்டம்பர் 4

மழை. பூசினேன்.

செப்டம்பர் 12

நாலு நாளாக முட்டை இல்லை. ஈரம்தான் காரணமோ? நாள்தோறும் மண் பூசி அதன் உடம்பைக் கெடுத்துவிட்டேனா? பூசாவிட்டால் பருந்து. எதைச் செய்தாலும் தவறாகவே படுகிறது.

மாலையில் பழனாயி மடியில் நாலு முட்டை கொண்டுவந்தாள். அவள் கோழி நேற்றுத்தான் அடைக்கு உட்கார்ந்தது. அதன் அடியிலிருந்து எடுத்தவை. நாலு குஞ்சு அவளுக்கு நஷ்டம். வேண்டாம் என்றேன்.

“கோழிக்கு எண்ணத் தெரியாதுங்க சாமி. நீங்க எழுதி வெச்சுக் காட்டிக் குடுத்துடாதீங்க.”

எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 17

நம் கோழி மறுபடி முட்டையிட்டது.

அக்டோபர் 11

இன்று காலை கோழிக்குப் புதிதாக மண் பூசினேன். ஓர் இறகுகூட வெள்ளையாக விடவில்லை. மழை இல்லை.

பொழுது இறங்கிவிட்டது. விளக்கு ஏற்றத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசற்படியிலிருந்து ருக்குமணி, “ஏனுங்க, இன்னும் அடைக்கலியா? வெறகுமேல ஏறி நிக்குது பாருங்க” என்றாள்.

வெளியே வந்து பார்த்தேன். எனக்கே சற்றுநேரம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. விறகு அடுக்கின் மேல், விறகின் நிறத்திலேயே நின்றது.

ஆகஸ்டில் ஏமாந்தவன். நம்பப் பயந்தேன்.

“பழனாயி ஊட்டுக் கருப்பு வெடையும் கூடவே வந்திருக்குதுங்க. வெறகடுக்கோட கீழ்மூலையில. ரெண்டையும் சேத்து அடைச்சுப்போடாதீங்க, காலையில முட்டைக்குச் சண்டை வரும்.”

கீழ்மூலைக்குப் போய்க் குனிந்தேன். கருப்புக்கோழி இருந்தது. அவள் சொல்லும்வரை நான் அதைப் பார்க்கவில்லை.

ஜூலை 4-ல் எழுதிய நான்காவது விஷயம் தவறு. நிறம் பொருட்டுத்தான்.