வெளிச்சத்தைத் திருப்பினால் உப்பும் திரும்புமா?

என் அன்பு றிஸ்னா ராத்தாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கதைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. நம் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் பெயர் உங்களுடையது. என் பெயர் இரண்டாவதாக, வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்கிறது.

மின்னஞ்சல் வந்தபோது துறைமுக வீதியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சந்தோசத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மீன்பெட்டியோடு பக்கத்தில் நின்றவரிடம், "எங்கட ராத்தாவின்ட பேர் வந்திட்டுது" என்றேன். அவர் பாவம், "நல்லது பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். நீங்கள் மூதூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த ஆய்வுகூடத் தொழில்நுட்ப அலுவலர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அதனால் உங்கள் ஊரில் அக்காவை அழைப்பது போல நானும் ராத்தா என்றேன்.

லேசர் ஒளியை வலிய லென்ஸ் வில்லை ஒன்றால் தலைமயிரின் தடிப்பைவிட நூறு மடங்கு சிறிய புள்ளியாகக் குவித்தால், அந்தப் புள்ளிக்குள் ஒளி எப்படிப் பரந்திருக்கும்? இதுதான் நம் கேள்வி. கணக்கு என்னுடையது, அளவீடு உங்களுடையது. கண்ணுக்கே தெரியாத ஒளிரும் மணி ஒன்றை அந்தப் புள்ளிக்குள் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் அது எவ்வளவு மினுங்குகிறது என்று பார்த்துப் படம் எடுத்தீர்கள். என் கணக்குப்படி படம் வட்டமாக வரவேண்டும். உங்கள் படமோ ஒவ்வொரு முறையும் நெல்மணி போல ஒரு பக்கம் நீண்டே வந்தது.

நம் ஊரில் எது பழுதானாலும் எதைச் சொல்வோமோ அதையே நானும் சொன்னேன். "உப்புக்காத்து ராத்தா. லென்ஸில உப்புப் படிஞ்சிருக்கு, துடையுங்கோ." துறைமுகக் கரையில் கதவுப் பிணைச்சல் இறுகினாலும் உப்பு, கணினி நின்றாலும் உப்பு, பிஸ்கட் நமுத்தாலும் உப்பு. கலாநிதிப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவளுக்கும் அந்த விளக்கம் போதுமாயிருந்தது. நீங்கள் துடைத்தீர்கள். நெல்மணி. மறுபடி துடைத்தீர்கள். மறுபடியும் நெல்மணி.

"துடைச்சுத் துடைச்சு லென்ஸ்தான் தேயப்போகுது தங்கச்சி" என்றீர்கள். மாணவர் முன்னால் 'மெடம்', யாரும் இல்லாவிட்டால் 'தங்கச்சி'. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "உப்பெண்டா லென்ஸிலதானே ஒட்டியிருக்கும்? லேசர் அதிருற திசைய ஒருக்காத் திருப்பிப் பாப்பமே. வெளிச்சத்தத் திருப்பினா உப்பும் சேர்ந்து திரும்புமா?"

ஒளியின் அதிர்வுக்கு ஒரு திசை உண்டு. சின்னத் தட்டு ஒன்றைச் சுழற்றி அதைத் திருப்பிவிடலாம். நீங்கள் கேட்டது அவ்வளவுதான், ஒரு காலைப் பொழுது வேலை. "பிறகு பாப்பம் ராத்தா" என்றேன். எனக்கு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் அவசரம். கணினியில் உங்கள் படங்கள் இருந்த கோப்புக்குப் 'பிழையானவை' என்று பெயரும் வைத்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனீர்கள். கோபமா ராத்தா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். அடுத்த மாதம் மருத்துவ விடுமுறை எடுத்தீர்கள். பிறகு நீங்கள் வரவேயில்லை.

உங்கள் ஜனாஸா நல்லடக்கத்துக்கு வந்து போய் இரண்டு கிழமை கழித்துத்தான் ஆய்வுகூடத்தைத் திறந்தேன். தட்டைச் சுழற்றினேன். கிடையாகப் படுத்திருந்த நெல்மணி நிமிர்ந்து நின்றது. திரும்பவும் சுழற்றினேன், திரும்பவும் படுத்தது. வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. நிலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

என் சூத்திரம் மெல்லக் குவியும் ஒளிக்கு மட்டுமே பொருந்தும். வலிய வில்லையில் ஒளி சரேலென்று சாயும்போது, அதன் அதிர்விலும் ஒரு பங்கு பயணத் திசைக்குச் சாய்ந்துவிடுகிறது. புள்ளியை நீட்டுவது அதுதான். உலகத்துக்கு இது புதினமில்லை. பாடநூலில் இதற்கென ஓர் அத்தியாயமே இருக்கிறது. நேரம் காணாது என்று ஆண்டுதோறும் நான் தாண்டிப்போன அத்தியாயம். ஆனால் நம்மிடம் இருந்த பழைய கருவிகளை வைத்துக்கொண்டு அந்த நீட்சியை இவ்வளவு துல்லியமாக அளந்த முறை உங்களுடையது. இதழ் ஏற்றுக்கொண்டது அதைத்தான்.

மாநாட்டுக் கட்டுரையைத் திருப்பி வாங்கி, புதிதாக எழுதி, உங்கள் பெயரை முதலில் போட்டேன். துறையில் மூத்தவர் ஒருவர் கூப்பிட்டார். "லாப் ஆளின்ட பேரை முன்னுக்குப் போடுறதோ? கடைசியில நன்றியெண்டு ஒரு வரி போடும், காணும்."

"அளந்தது அவதானே சேர்."

"கணக்கு உம்முடையதெல்லோ?"

"ஓம் சேர். அதுதான் பிழைச்சது."

நீங்கள் அங்கே நின்றிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

போன வெள்ளிக்கிழமை, திருத்தம் பார்க்க இதழ்க்காரர் அனுப்பிய அச்சுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மூதூருக்குப் போனேன். உங்களைப் பெற்ற உம்மா கதிரையில் இருந்தபடியே உங்கள் பெயரை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டுவிட்டு மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இதென்ன மகள், குருசா? எங்கட புள்ளக்கு ஏன்?" என்றார். காலமானவர் பெயருக்கு இதழ்க்காரர் போடும் அடையாளம் அது, சிலுவை போலவே இருக்கிறது. கட்டுரையைப் பத்துத் தரம் திருத்திய எனக்கு அது கண்ணில் படவில்லை. அன்றே எழுதினேன், நட்சத்திரமாக மாற்றிவிட்டார்கள்.

புறப்படும்போது உம்மா கேட்டது இது: "என்ட புள்ள அங்க கண்ணாடி துடைக்கிறதெண்டுதானே சொன்னவ. இவ்வளவும் செய்தவவா?"

"ஓம் உம்மா" என்றேன். வீட்டில் நீங்கள் வேறு எதைச் சொல்லியிருப்பீர்கள்? இதற்கு முன் நான் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளிலும் இருப்பவை உங்கள் அளவீடுகள்தான். இரண்டிலும் உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. வீட்டில் காட்டுவதற்கு நான் உங்கள் கையில் ஒரு தாளும் தரவில்லையே.

அந்த இரண்டு இதழ்களுக்கும் திருத்தம் கேட்டு எழுதிவிட்டேன், என் பிழை என்றே எழுதினேன். என் பேர் கெட்டுவிடும் என்கிறார்கள். கெடட்டும். பதில் வரும்வரை எழுதுவேன். மறுத்தால் மறுபடியும் எழுதுவேன். உம்மாவுக்கு இன்னும் இரண்டு தாள் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது ராத்தா.

உங்கள் தங்கச்சி,
சிவமலர்
திருகோணமலை