சபை ஏற்காத தீர்மானம்

லாத்தா,

சுதந்திர தினத்தன்று நடந்த கிராம சபையின் வருகை, தீர்மானப் பதிவேட்டை, ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புவதற்காக மறுநாள் எடுத்தேன். சாரலின் ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மெதுவாகப் பிரித்துக்கொண்டே வந்தால் இரண்டாம் பக்கத்தில் உங்கள் பெயர். எதிரே கையெழுத்து. நீங்கள் மௌத்தாகி, அடக்கம் முடிந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

யார் செய்தது என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. சபை செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கைக்கு ஆள் இல்லை. குறைந்த கையெழுத்துகளை வாங்கிவர நம் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். பூட்டிய வீடுகளுக்குப் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பழக்கத்தை இந்த ஊராட்சியில் தொடங்கி வைத்ததே, அதன் செயலரான நான்தான்.

உங்கள் வீட்டுக்கும் ஒருமுறை அப்படிப் புத்தகத்தோடு வந்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவர் நீங்கள். அக்கா முறைக்கு ஊரே லாத்தா என்று கூப்பிட்டதால் எனக்கும் லாத்தாவானீர்கள். இலையும் தூளும் பரப்பிய சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினீர்கள்.

"கிளார்க்கண்ணே, தீர்மானம் எழுதுத இடம் காலியால்லா கெடக்கு?"

"அது அப்புறம் எழுதிக்கிடலாம் லாத்தா."

"அப்பம் நானும் அப்புறம் போடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. டீக்கடையில் போய், ஒரு கையெழுத்துக்கு இந்தம்மா என்னமாய்ச் சட்டம் பேசுகிறார் என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அது உங்கள் காதுக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்கு முதல் ஆளாக வந்தீர்கள். ஒரு நாள் வேலை போய்விடக் கூடாதே என்று சொளவையும் கொண்டுவந்து, இலையைச் சுருட்டிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள். பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தீர்கள். எல்லாத் தெருவிளக்குகளும் எரிகின்றன என்று ஒரு தீர்மானம். அதற்கு ஒப்புதல் தந்தவர்களில் உங்கள் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது.

"அவுக சவுதில தமாம்ல இருந்து எப்பண்ணே வந்தாக? எனக்கு ஒரு போன்கூடப் பண்ணலியே. வெளக்கு எரியுதான்னு பாத்துட்டு நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாகளோ?"

சபையே சிரித்தது. ஊராட்சித் தலைவர்கூடச் சிரித்துவிட்டார். நான் மட்டும் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு நீங்கள் சொன்னதுதான் என்னை உறுத்தியது. "'எங்களை நம்புங்க'ன்னு சொல்லாதீக. எங்க முன்னால எழுதுங்க, அது போதும்."

அதன்பிறகு நீங்கள் விடவில்லை. ஒவ்வொரு தீர்மானத்தையும் நான் உரக்க வாசிக்க வேண்டும். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் எல்லோர் கண்முன்னும் குறுக்குக்கோடு போட வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான். வேண்டாவெறுப்பாகத் தொடங்கினேன். நாளாக ஆக, கோடு போடாமல் புத்தகத்தை மூடினால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் இல்லாமல் நடந்த முதல் சபையிலேயே புத்தகத்தை ஆபரேட்டரிடம் கொடுத்தனுப்பிப் பழைய ஆளாகிவிட்டேன் லாத்தா. உங்களுக்குப் பயந்துதான் ஒழுங்காக இருந்திருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள அவமானமாக இருக்கிறது.

அந்தப் பதிவேட்டின் முதல் தீர்மானம் என்ன தெரியுமா? ஊராட்சியின் எல்லா வீடுகளுக்கும் குழாயில் குடிநீர் வந்துவிட்டது என்பது. கீழத்தெருக் குழாய்களில் காற்றுதான் வருகிறது. இது மேலே போய்ச் சேர்ந்தால், வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு எத்தனை மனு கொடுத்தாலும் தண்ணீர் வராது. அந்தப் பொய்க்கு உங்கள் கையெழுத்து.

உங்கள் பெயர் மேல் கோடிழுத்து, 'இவர் காலமாகிவிட்டார், இக்கையெழுத்து இவருடையதல்ல' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். சபைக்குப் போதிய ஆள் வரவில்லை என்று அறிக்கையும் எழுதினேன். தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னவே, புதுசாக் கெளம்புதீரு? போட்டோல்லாம் ஆன்லைன்ல ஏத்தியாச்சு. மெமோ வாங்கணும்னு ஆசையாக்கும்."

"வரட்டும் தலைவரே. இல்லாத ஆளை உக்கார வச்சுச் சபை நடத்த என்னால முடியாது."

மெமோ வந்தது. கூடவே, சபையை மறுபடி கூட்டச் சொல்லித் தேதியும் வந்தது. ஆபரேட்டரையும் அழைத்துக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். இந்த முறை புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. வாருங்கள் என்று கூப்பிட மட்டும் போனேன். ஒரு வீட்டில், "நாங்க வந்து என்னத்துக்கு, எப்படியும் நீங்களே எழுதிக்கிடுவீகள்லா?" என்று கேட்டார்கள். அந்த வீட்டுக்கு மூன்று முறை போனேன்.

கீழத்தெருப் பள்ளிக்கூடத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம். எண்ணிக்கை சேரப் பன்னிரண்டரை ஆனது. வந்தவர்களும் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். யாரும் போகவில்லை. குடிநீர்த் தீர்மானத்தை வாசித்து, ஏற்கிறீர்களா என்று கேட்டேன். பின்னாலிருந்து, "எங்க குழாயத் தெறந்து பாத்துட்டு வந்து எழுதுங்க" என்றார் ஒருவர். ஏற்பவர்களைக் கை தூக்கச் சொன்னேன். ஒரு கைகூட உயரவில்லை. 'சபை ஏற்கவில்லை. கீழத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை' என்று எழுதினேன். இத்தனை வருட வேலையில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

தண்ணீர் இன்னும் வரவில்லை. கோப்பு மூடப்படவும் இல்லை. வாரம் ஒருமுறை ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அதுவரை இந்த ஊரில் கையெழுத்துக்காகப் புத்தகம் வீடு தேடிப் போகாது.

அன்று கோடு போட்டுப் புத்தகத்தை நீட்டியபோது, முன்வரிசையில் ஒரு பெண் வாங்க மறுத்துவிட்டாள். எனக்கு அறிமுகமில்லாத முகம், வாக்கப்பட்டு வந்தவளாக இருக்கும்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு மட்டம் வாசிங்க. சரியா வெளங்கல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது லாத்தா. உட்கார்ந்து, மறுபடி வாசித்தேன்.