கிராணிக்குப் புரியாத கார்டு

அக்கா,

இன்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்கட்டில் நம் மாதா கோயில் ஆர்கன் நிற்கிறது. கட்டைகளைப் பிடுங்கிவிட்டு உள்ளே கோழி அடைத்திருக்கிறார். ஒரு பெட்டைக்கோழி தலையை நீட்டிக் கொக்கரித்தது. அவரைவிட அதற்குச் சுருதி தெரியும்.

அப்பா தூங்கிவிட்டார். விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். இந்தத் தாள் யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஜப்பான்காரன் ஆள் பிடித்துப்போகும் சயாம் ரயில் பாதையிலிருந்து தப்பி வந்த ஒருவர், நீ அங்கே பேதியில் இறந்துபோனதாகப் போன வாரம் சொன்னார். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இனி எழுதத்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், பாட்டுச் சொல்லித்தர, தோட்டத்துப் பிள்ளைகள் எங்களை மூன்று வரிசையாக நிறுத்துவாய். வரிசைக்கு ஒரு சுரம்: முதல் வரிசை தோ, நடு வரிசை மி, கடைசி வரிசை சோ. மூன்றும் சேர்ந்து ஒலித்த முதல் நாள் குட்டி ரோசி மிரண்டுபோய், "நாலாவதா யாரோ பாடுற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

"ஆள் இல்லடி, நீங்கதான். மூணு சுரம் ஒன்னாச் சேர்ந்தா அப்படித்தான். அதுக்குப் பேருதான் கார்டு" என்று சிரித்தாய். "இப்ப அடுத்த கார்டு. தோ, நீங்க நகராதீங்க. மி, அரைப் படி ஏறுங்க. சோ, முழுப் படி. யாரும் குதிக்கக் கூடாதுலா!"

நடு வரிசைக்கு நான்தான் தலைவி.

கிராணி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஆளுக்கொரு பாட்டா பாடுதுங்க? ஒன்னாப் பாடத் தெரியாதா?" என்பார். வெள்ளைக்காரத் துரைக்கு இடுப்புவரை குனிந்தவர், ஜப்பான்காரனுக்கு முழங்கால்வரை குனியக் கற்றுக்கொண்டார். அவர் கற்ற ஒரே வித்தை.

பள்ளியில் தினமும் கிழக்கே பார்த்து ஜப்பான்காரர்களின் பாட்டைப் பாட வேண்டும். "அங்க ஒத்தக் குரல்தான். கார்டு கீர்டுன்னு வாயத் தொறந்தீங்க, தொலைச்சிப்புடுவேன்" என்று நீ எச்சரித்திருந்தாய்.

ஜப்பான் அதிகாரி கிராணியோடு வந்த அன்று, பாட்டின் நடுவில் நான் குரலை மி-க்கு ஏற்றினேன். தெரியாமல் நடந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எப்படிப் பொருந்தும் என்று கேட்க ஆசைப்பட்டேன். என் வரிசை என்னைத் தொடர்ந்தது. கடைசி வரிசையும் பழக்கத்தில் தன் இடத்துக்கு ஏறிவிட்டது. அதிகாரி கோபப்படவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டான். கிராணிதான் ஓடிப்போய், "துவான், இது கேலி! உங்க பாட்டை உடைக்குதுங்க!" என்று மலாய் மொழியில் கத்தினார். அதன் பிறகுதான் அவன் முகம் மாறியது.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான்.

"நான்தான்" என்று நீ முன்னால் வந்தாய். அறை விழுந்தது. நான் வரிசையிலேயே நின்றுகொண்டேன்.

மறுவாரம் ரயில் பாதை வேலைக்குச் சயாம் போகிறவர்கள் பட்டியலில் உன் பெயரைக் கிராணியே எழுதினார். சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்குப் போகும் லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்தாய். அப்போதும் நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

கிராணியை இகழ்வது எனக்கு எளிது. தினமும் இகழ்கிறேன். ஆனால் அவர் வாயைத் திறந்து உன்னை அனுப்பினார், நான் வாயை மூடி அனுப்பினேன். நாளை காலையும் அவருக்குப் பக்கத்தில் நின்று ஜப்பான்காரனுக்கு அவரைப் போலவே குனிவேன்.

நான் உன் கூடப் பிறக்காதவள்தான், ஆனாலும் உன் அம்மா என்னைக் கண்டாலே கட்டிக்கொள்கிறார். "எம் மவளுக்கு உம் மேல எம்புட்டு உசிரு" என்று அழுகிறார். அந்தக் கைகளை விலக்கி உண்மையைச் சொல்ல இன்றும் எனக்குத் துணிவு வரவில்லை.